பள்ளத்தை விடுங்கள், மேட்டைத் தட்டுங்கள்

அம்பாசிடரின் முன் மட்கார்டு கேட் தூணில் உரசி உள்வாங்கியிருக்கிறது. இல்லையென்றால் சிக்னலில் நின்ற மாருதி 800-ன் கதவில் யாரோ ஸ்கூட்டர் ஹேண்டில்பாரை ஊன்றிவிட்டுப் போயிருக்கிறார். டிங்கரிங் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனால் அவர் ஒடுக்கைப் பார்ப்பதில்லை, பேனலைப் பார்க்கிறார். “இவ்வளவு இடம் மட்டும் அடிச்சா கலர் சேராது சார், ஃபுல் பேனல் பண்ணிடலாம்” என்கிறார். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஃபுல் பேனலுக்கு ஆகும் செலவு, சில பழைய வண்டிகளின் விற்பனை விலையோடு போட்டி போடும்.

காப்பீட்டில் வாங்கிக்கொள்ளலாமே என்றால், பழைய காருக்குப் பெரும்பாலோர் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே எடுத்திருப்பார்கள். அதில் நம் வண்டியின் ஒடுக்குக்குக் காலணா கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், ஒரு க்ளைம் போட்டால் நோ க்ளைம் போனஸ் போய்விடும். முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி, க்ளைம் இல்லாத ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் வரை ஏறுகிற தள்ளுபடி அது. உள்ளங்கை அகல ஒடுக்குக்காக அதை இழப்பது கணக்குக்கு ஒத்துவராது.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுத்தியலைக் கையில் எடுக்கிறோம். பெரும்பாலான வீட்டு டிங்கரிங் கெட்டுப்போவதும் அந்த நிமிடத்தில்தான். ஏனென்றால் கை நேராகப் பள்ளத்தின் நடுவுக்குப் போகும். போகக் கூடாது. ஏன் என்பது தகட்டின் குணம் தெரிந்தால் புரிந்துவிடும்.

எந்தக் காரில் கை வைக்கலாம்

வீட்டு வேலைக்குத் தோதானது பழைய காரே. அம்பாசிடர், 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியாகக் கொண்ட வண்டி. 2014-ல் உத்தர்பாரா ஆலை நிற்கும்வரை அதன் உருவம் பெரிதாக மாறவே இல்லை. பிரீமியர் பத்மினி, ஃபியட் 1100-ன் வழி வந்தது. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்னும் வசதி: தனிச் சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு மாட்டிய பாடித் துண்டுகள். இவற்றின் தகடு சாதாரண மைல்டு ஸ்டீல், 0.9 மில்லிமீட்டரை ஒட்டிய கனம். அடித்தால் கேட்கும், திருத்தினால் திருந்தும்.

1983-ல் வந்த மாருதி 800 எடை குறைவான வண்டி, தகடும் மெலிசு. தவறாக ஓங்கி நாலு அடி விழுந்தால் தகடு இழுபட்டுத் தளர்ந்துவிடும். ஆனாலும் முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கதவுக்குள் கை நுழைவது எல்லாம் அதிலும் உண்டு. இன்றைய கார்களில் பல இடங்களில் உயர்வலிமை ஸ்டீல், சிலவற்றில் அலுமினிய பானெட், பம்பருக்குள் சென்சார். அவற்றை இந்தக் கட்டுரை தொடவில்லை.

பழைய காரிலும் எல்லா இடமும் நமக்கானதல்ல. கதவுக்கும் கதவுக்கும் நடுவே நிற்கும் தூண், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற அடிப்பாகம், முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டம் ஆகியவை வண்டியின் எலும்பு. அங்கே அடி என்றால் கடைக்குத்தான் போக வேண்டும். ஒடுக்கு விழுந்த பிறகு கதவு மூடும்போது இடிக்கிறது, பானெட்டின் இடைவெளி ஒரு பக்கம் அகலமாகத் தெரிகிறது என்றாலும் அப்படியே. அது தோல் காயமல்ல.

ஒடுக்கு என்பது என்ன

வீட்டில் கட்டுக்கம்பி இருந்தால் ஒரு முழம் எடுத்து நடுவில் மடக்குங்கள். பிறகு இரண்டு கையாலும் நேராக்கிப் பாருங்கள். மடங்கிய இடம் மட்டும் நேராகாது. அதற்கு இருபுறமும் கம்பி வளையும். முதல் முறை மடங்கியபோதே அந்த இடம் இறுகிவிட்டது. பக்கத்தில் உள்ள கம்பி இன்னும் இளசாக இருப்பதால் அதுதான் முதலில் வளைகிறது. கார்த் தகட்டில் நடப்பதும் இதேதான்.

தகட்டை லேசாக அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வரும். ஓரளவுக்கு மேல் அழுத்தினால் திரும்பாது. எங்கே கூர்மையாக மடங்கியதோ அங்கே நிரந்தரமாக மடிந்து இறுகிவிடும். இதில் கவனிக்க வேண்டியது, ஒடுக்கின் பரப்பு முழுவதும் அப்படி இறுகுவதில்லை. பள்ளத்தின் பெரும்பகுதி இன்னும் ஸ்பிரிங் குணத்தோடுதான் இருக்கிறது. வெளியே வரத் துடித்துக்கொண்டிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். அதை வரவிடாமல் பூட்டிவைத்திருப்பது ஓரத்தில் எழும்பி நிற்கும் மேடும், அதையொட்டிய மடிப்பும். பூட்டைத் திறக்காமல் கதவை உதைப்பதுதான் பள்ளத்தின் நடுவில் சுத்தியலால் அடிப்பது.

அமெரிக்க டிங்கரிங் தொழிலில் இன்றும் பேசப்படும் ஒரு சின்னப் புத்தகம் உண்டு. ஃபிராங்க் சார்ஜென்ட் எழுதி 1939-ல் வந்த ‘தி கீ டு மெட்டல் பம்பிங்’. அதன் சாரம் ஒரு வரியில் அடங்கும்: தகடு எந்த வரிசையில் உள்ளே போனதோ, அதற்கு எதிர் வரிசையில் வெளியே கொண்டுவர வேண்டும். இடி முதலில் பட்ட இடம் முதலில் போனது. அதைச் சுற்றி அலையாகப் பரவி, கடைசியாக எழும்பியது வெளியோர மேடு. ஆகவே கடைசியில் வந்த மேட்டை முதலில் இறக்க வேண்டும்; முதலில் பட்ட புள்ளியைக் கடைசியில் தொட வேண்டும். நம்மூர் டிங்கர்கள் இதை எந்தப் புத்தகத்திலும் படித்தவர்களில்லை. வேலை தெரிந்த ஒருவர் ஒடுக்கைப் பார்க்கும்போது அவர் விரல் எங்கே போகிறது என்று கவனியுங்கள். ஓரத்தைத்தான் தடவும்.

வெந்நீர், ஐஸ், ரப்பர் கப்

வீடியோக்களில் வரும் வித்தைகளையும் இங்கேயே முடித்துவிடலாம். கொதிக்கும் தண்ணீரை ஊற்றி உள்ளிருந்து தள்ளுவது பிளாஸ்டிக் பம்பருக்குச் சரியாக வேலை செய்யும். பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். சூட்டில் இளகும், தள்ளினால் பழைய வடிவத்துக்கு வரும். அம்பாசிடரின் பம்பரோ இரும்பு. அதன்மேல் எத்தனை குடம் வெந்நீர் ஊற்றினாலும் பம்பர் குளிக்கும், அவ்வளவுதான்.

ஹேர் டிரையரால் சூடாக்கி ஐஸ் வைப்பது இன்னொன்று. ஸ்டீல் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.012 மில்லிமீட்டர் விரியும். 30 சென்டிமீட்டர் அகல ஒடுக்கை 50 டிகிரி சூடாக்கினால் கிடைப்பது 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. மடிந்து இறுகிப்போன தகட்டை அது ஒன்றும் செய்யாது. பாத்ரூம் அடைப்பு எடுக்கும் ரப்பர் கப், மடிப்பே விழாத அகலமான, ஆழமில்லாத உள்வாங்கலை மட்டும் சில நேரம் ‘டப்’ என்று வெளியே இழுக்கும். முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை. மேடு இருக்கும் ஒடுக்கில் அது பாவம், என்ன செய்யும்?

பெயிண்ட் கலையாமல் உள்ளிருந்து கம்பியால் நெம்பி எடுக்கும் முறையும், பசையில் ஒட்டி இழுக்கும் முறையும் உண்மையானவை. ஆனால் அவை பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருக்கும் புது வண்டிக்கு. இரண்டு மூன்று முறை பெயிண்ட் ஏறிய பழைய காரில் தகடு அசைந்ததும் மேலே விரிசல் விடும். பசையோடு, பள்ளத்தை நிரப்பப் பூசிய பழைய பட்டியும் பெயர்ந்து வரும்.

முதலில் படிக்க வேண்டும்

சுத்தியலுக்கு முன் தண்ணீர். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித் துடையுங்கள். பிறகு ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, ஒடுக்கைச் சுற்றி நகர்த்துங்கள். பிடி தளர்ந்தால் அங்கே உள்ளே பட்டி இருக்கிறது. முப்பது வருடத்து வண்டியில் இது சகஜம். யாரோ எப்போதோ பட்டி பார்த்து டிங்கரிங் செய்திருப்பார்கள். பட்டி இருக்கும் இடத்தில் அடித்தால் ஓடு ஓடாக உதிரும். அங்கே வேலை செய்வதானால் அதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் பழைய ஒடுக்கையும் சேர்த்துத் திருத்துவதற்குத் தயாராக வேண்டும்.

அடுத்து வெளிச்சம். டியூப்லைட்டைப் பேனலுக்குப் பக்கவாட்டில் பிடித்து, அதன் பிரதிபலிப்பைப் பாருங்கள். நல்ல தகட்டில் வெள்ளைக்கோடு சீராக ஓடும். மேட்டில் ஒடுங்கும், பள்ளத்தில் அகன்று வளையும். பெயிண்ட் மங்கிப்போய்ப் பிரதிபலிப்பே தெரியவில்லையென்றால் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். அந்த ஈரம் காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும்.

கண்ணைவிடக் கை நம்பகமானது. ஒரு மெல்லிய பருத்தித் துணியை உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்து, நல்ல பகுதியில் தொடங்கி ஒடுக்கைத் தாண்டி மறுபக்கத்து நல்ல பகுதிவரை ஒரே இழுப்பாகத் தடவுங்கள். விரல் நுனியால் அல்ல, முழு உள்ளங்கையால். துணி இருந்தால் தோல் தகட்டில் ஒட்டாது. அரை மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம்கூடக் கைக்குத் தெரியும். மேடு தட்டுப்படும் இடமெல்லாம் மார்க்கரால் கோடு போடுங்கள். பள்ளத்துக்கு வட்டம். முடித்துவிட்டு விலகி நின்று பார்த்தால், ஒடுக்கைச் சுற்றி ஒரு வில் போலவோ, ஒரு பக்கம் மட்டும் நீண்ட கோடாகவோ மேடு தெரியும். அதுதான் வேலையின் வரைபடம்.

கையில் என்ன வேண்டும்

சாதாரண ஆணிச் சுத்தியல் ஆகாது. அதன் முகம் சின்னது, ஓரம் கூர்மை. ஒவ்வொரு அடியும் ஒரு புதுக் குழி. டிங்கரிங் சுத்தியலின் முகம் அகலமாகவும் கண்ணாடி போல வழவழப்பாகவும் இருக்கும். சென்னையில் ஜி.பி. ரோடு போன்ற மோட்டார் சாமான் கடைத்தெருக்களில் கேட்டால் கிடைக்கும். வாங்கியதும் முகத்தை நைஸ் எமரி பேப்பரில் தேய்த்துக்கொள்ளுங்கள். முகத்தில் உள்ள கீறல் எல்லாம் தகட்டில் அச்சாக விழும்.

டோலி என்பது தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் கனமான இரும்புக் கட்டி. ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின் இருந்தால் கைக்கு இதம். ஒரு பக்கம் லேசான வளைவு, இன்னொரு பக்கம் தட்டை, ஓரம் மழுங்கல். பழைய டிங்கர்கள் தண்டவாளத் துண்டைத் தேய்த்து டோலி செய்துகொண்டார்கள். பிரமாதமான டோலிதான், ஆனால் தண்டவாளம் ரயில்வே சொத்து, அதை வைத்திருப்பவர் பதில் சொல்ல வேண்டிவரும். கடையில் வாங்குங்கள்.

மூன்றாவது, மரச்சுத்தியான கொட்டாப்புளி. வீட்டில் செய்பவருக்கு இதைவிட நல்ல நண்பன் கிடையாது. மரம் தகட்டை நகர்த்தும், ஆனால் நசுக்கி இழுக்காது. முதல் பாதி வேலையைக் கொட்டாப்புளியாலேயே முடிப்பவருக்குத் தவறு பாதியாகக் குறையும். இவற்றோடு கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை, காதுக்குப் பஞ்சு. பழைய பெயிண்டில் ஈயம் கலந்த நிறமிகள் இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. அடுக்ககத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு கருவியும் தேவை: பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம்.

மட்கார்டில் ஒரு காலை

அம்பாசிடரின் இடது முன் மட்கார்டு தூணில் உரசியதாக வைத்துக்கொள்வோம். ஒன்றரைச் சாண் நீளத்துக்கு உள்வாங்கல், அதன் மேல் விளிம்பில் கத்தி போல ஒரு மேடு, பின்பக்கம் கதவை நோக்கி மங்கலான இன்னொரு மேடு.

வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டின்மேல் இறக்கிய பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே கை விடாதீர்கள். பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். மட்கார்டின் உள்பக்கம் அப்பியிருக்கும் சேற்றையும் பழைய தார்ப்பூச்சையும் சுரண்டி, தகடு தெரியும்படி செய்ய வேண்டும். தார் இருந்தால் டோலி தகட்டில் உட்காராது. அடி எங்கே விழுகிறது என்றே கைக்குத் தெரியாது. சுரண்டும்போது துரு ஓடு ஓடாகக் கழன்று, பின்னால் வெளிச்சம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஓட்டைத் தகட்டை அடித்துத் திருத்த முடியாது, வெட்டி வெல்டு வைக்க வேண்டும். அந்த நிலையில் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தையில் ஒரு நல்ல மட்கார்டைத் தேடுவது புத்திசாலித்தனம்.

தகடு திடமாக இருந்தால், முதலில் உள்ளிருந்து உள்ளங்கையால் பள்ளத்தை வெளிநோக்கி அழுத்துங்கள். கொஞ்சம் அசையும், விட்டதும் திரும்பிப் போகும். அந்த அழுத்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டே, மறு கையில் கொட்டாப்புளியால் வெளிப்பக்கத்து மேட்டின் வால்முனையில் தட்டத் தொடங்குங்கள். மேடு மங்கி முடியும் இடம்தான் வால். அங்கிருந்து நடுவை நோக்கி, தட்டுக்குத் தட்டு ஒரு விரல் இடைவெளியில் நகர வேண்டும். தோளிலிருந்து ஓங்கக் கூடாது. மணிக்கட்டு மட்டும் அசைய, சுத்தி தானாக எகிறித் திரும்ப வேண்டும். ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு அடி வேண்டாம்.

இப்படி மேடு இறங்க இறங்க, உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும் கை பள்ளம் தானாக வெளியேறுவதை உணரும். சில ஒடுக்குகளில் ஒரு கட்டத்தில் ‘டொப்’ என்ற சத்தத்தோடு பாதிப் பள்ளம் ஒரே நொடியில் வெளியே வந்து நிற்கும். நடுவில் ஒரு அடிகூட விழுந்திருக்காது. இந்தச் சத்தத்தைக் கேட்டவர் பிறகு எப்போதும் பள்ளத்தின் நடுவில் அடிக்க மாட்டார்.

மிச்சமிருப்பது மேல் விளிம்பின் கூர்மேடு. இங்கே டோலியும் இரும்புச் சுத்தியலும். டோலியைப் பின்பக்கம் பள்ளத்தின் அடியில் வைத்து வெளிநோக்கி அழுத்திப் பிடியுங்கள். சுத்தியல் பக்கத்தில் உள்ள மேட்டில் விழட்டும். அடி மேட்டை இறக்கும். அதன் அதிர்வில் டோலி எகிறிப் பள்ளத்தை ஏற்றும். சுத்தியலும் டோலியும் நேருக்கு நேர் சந்திக்கக் கூடாது என்பதே இந்த முறையின் உயிர். சத்தமே காட்டிக்கொடுக்கும். தள்ளி அடித்தால் மொத்தையான ஒலி. இரண்டுக்கும் நடுவில் தகடு நேராக மாட்டினால் மணி போல ‘டிங்’ என்னும்.

அந்த ‘டிங்’ கடைசியில் வர வேண்டிய சத்தம். பேனல் ஏறக்குறைய வடிவத்துக்கு வந்த பிறகு, சின்னச் சின்ன நெளிவுகளைச் சமன் செய்ய டோலியின்மேல் நேராக மெல்லத் தட்டலாம். அதிலும் கஞ்சத்தனம் வேண்டும். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் நசுங்கும் தகடு மெலிந்து பரவுகிறது. பரவிய தகட்டுக்கு இருந்த இடம் போதாமல் புது மேடாக எழும்பும். அதை அடித்தால் இன்னும் பரவும்.

எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்று தெரியாமல் குழம்பினால், தட்டையான மரக்கட்டையில் 80-ஆம் நம்பர் எமரி பேப்பரைச் சுற்றி இரண்டு திசையில் குறுக்கும் நெடுக்குமாக லேசாகத் தேயுங்கள். மேட்டில் பெயிண்ட் போய் இரும்பு பளிச்சிடும். பள்ளத்தில் பெயிண்ட் அப்படியே இருக்கும். தட்டு, தேய், தடவிப் பார், மறுபடி தட்டு. வேலை இதுதான், பெரும்பாலும் சலிப்பானது.

கதவில் ஒடுக்கு என்றால் உள்ளே போகும் வழி வேறு. கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, அதை ஏற்றும் கைப்பிடியையும் கதவுப் பேடையும் கழற்றி வேலை பார்க்க வேண்டும். இறக்கிய கண்ணாடி வெளித்தகட்டுக்குப் பின்னால்தான் நிற்கிறது என்பது டோலி அதில் பட்டுக் கண்ணாடி நொறுங்கிய பிறகு ஞாபகம் வரக் கூடாது. பானெட்டிலும் டிக்கி மூடியிலும் உள்சட்டம் மறைக்கும் இடங்களில் டோலி நுழையாது; துளை போட்டு ஸ்குரூ முறுக்கி இழுக்கும் பழைய வழி ஒன்று உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. ஒடுக்கு போனாலும் வரிசையாகத் துளைகள் நிற்கும். மேலே பட்டி மூடும், பின்னாலிருந்து ஈரம் ஏறும், அடுத்த மழைக்காலத்தில் பெயிண்ட் கொப்புளிக்கும்.

தளர்ந்துபோன தகடு

எல்லாம் சரியாக வந்த பிறகும், விரலால் அழுத்தினால் பிஸ்கட் டப்பா மூடி போல ‘டொக்’ என்று உள்ளே போய் ‘டொக்’ என்று வெளியே வருகிறதா? தகடு இழுபட்டுத் தளர்ந்துவிட்டது. வேண்டிய இடத்தைவிட அங்கே இரும்பு அதிகமாக இருக்கிறது. டிங்கர் இதற்குக் கேஸ் வெல்டிங் தீயைப் பயன்படுத்துவார். சின்னக் காசளவு புள்ளியைச் செக்கச்சிவக்கச் சூடாக்குவார். சூடான இரும்பு விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு இடம் கொடுக்காததால் அந்தப் புள்ளி தடித்து எழும்பும். அதை உடனே தட்டி அமர்த்தி, ஈரத்துணியால் ஒற்றினால், குளிரும்போது சுருங்கிச் சுற்றியுள்ள தகட்டை உள்ளிழுத்து இறுக்கும்.

பார்க்க எளிது. வீட்டில் செய்யாதீர்கள். தகட்டுக்குப் பின்னால் ஒயர், ரப்பர், தார்ப்பூச்சு, பின்பக்கம் என்றால் பெட்ரோல் டேங்க். சூட்டை ஒரு நிமிடம் அதிகமாகக் காட்டினால் பேனல் முழுதும் அலை அலையாகிவிடும். பெயிண்ட் உரித்த நிலையில் வண்டியை அப்படியே டிங்கரிடம் கொண்டுபோய் இந்த ஒரு வேலையை மட்டும் கேட்கலாம். சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் அரைமணி நேரத்தில் செய்துகொடுப்பார்கள்.

பட்டி

பட்டி என்றாலே ஏமாற்று வேலை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அளவோடு வைத்தால் பட்டியில் தவறே இல்லை. ரசாயனப் பட்டி வருவதற்கு முன் ஆலைகளிலேயே தகட்டு மூட்டுகளை ஈயம் வைத்துத்தான் சமன் செய்தார்கள். பொதுவாக 70 பங்கு காரீயம், 30 பங்கு வெள்ளீயம் கலந்த கலவை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஒடுக்கெடுத்து ஈயம் பூசியவரின் தொழிலுக்கு அது நெருங்கிய உறவு. 1950-களில் அமெரிக்காவில் பாலியெஸ்டர் பட்டி வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய வண்டியில் பெயிண்டைச் சுரண்டும்போது மூட்டோரத்தில் மென்மையாகச் சாம்பல் நிறத்தில் மினுங்கும் உலோகம் தெரிந்தால் அது ஈயமாக இருக்கலாம். அதை எமரி போட்டுத் தூளாக்க வேண்டாம்.

தகட்டை எவ்வளவு தூரம் திருத்துகிறோமோ அவ்வளவு பட்டி மிச்சம். தேய்த்து முடித்த பிறகு அதன் கனம் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மூன்று என்பது கடைசி எல்லை. அதற்குமேல் போனால் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் தகட்டோடு ஈடுகொடுக்க முடியாமல் விரிசல் விடும்.

அடித்தளம் முக்கியம். 80-ஆம் நம்பரில் தேய்த்த வெற்று இரும்பின்மேல் பட்டி நன்றாகப் பிடிக்கும். இரண்டு கலவை எபாக்ஸி பிரைமரின்மேல் வைத்தால் துருவிலிருந்தும் காப்பு. வழக்கமான ரெட் ஆக்ஸைடை அடித்துவிட்டு அதன்மேல் பாலியெஸ்டர் பட்டி வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பட்டியில் உள்ள ரசாயனம் அந்தப் பிரைமரை இளக்கிவிடும். பிறகு பட்டி நிற்பது இளகிய பிரைமரின்மேல்.

ஹார்டனர் கணக்கு, நூறு கிராம் பட்டிக்கு இரண்டு கிராம். கண்ணளவு பழகும்வரை சமையலறைத் தராசு போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைத் தாராளமாகப் பிதுக்கினால், உள்ளே ஊசித்துளைகள் விழும். மேலே அடிக்கும் பெயிண்டில் கறையாக வந்து எட்டிப்பார்க்கும். அட்டைப் பெட்டியின்மேல் கலக்காதீர்கள், அட்டை பிசினை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடித் துண்டோ தகரத் துண்டோ நல்லது. முட்டை அடிப்பதுபோல அடிக்காமல், மடித்து மடித்து அழுத்திக் கலந்தால் காற்றுக் குமிழி சேராது. ஹார்டனரின் நிறம் கோடாகத் தெரியாமல் ஒரே சாயலாக வர வேண்டும். அதன்பின் கையில் இருப்பது நாலைந்து நிமிடம்; சித்திரை வெயிலில் அதுவும் கிடையாது. ஆகவே விடிகாலை, நிழல், ஒரு வேளைக்கு ஒரு கை அளவு.

இறுகிய பிறகு முதலில் 80, பிறகு 150, கடைசியில் 320. ஒடுக்கைவிட நீளமான கட்டையில் பேப்பரைச் சுற்றித் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் வடிவத்திலேயே பள்ளம் விழும். கறுப்பு ஸ்பிரேயை எட்டி நின்று தூறல் போல அடித்துவிட்டுத் தேய்த்தால், கறுப்பு மிஞ்சும் இடமெல்லாம் பள்ளம்.

இதில் பலர் சறுக்கும் இடம் தண்ணீர். வாட்டர் பேப்பரும் வாளித் தண்ணீரும் இல்லாத டிங்கரிங் கடை கிடையாது. ஆனால் பாலியெஸ்டர் பட்டியில் மாக்கல் பொடி கலந்திருக்கிறது, அது ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரம் பெயிண்டுக்கு அடியில் அடைபட்டு, இரும்பைத் துருப்பிடிக்க வைத்து, பிறகு கொப்புளமாக வெளிவரும். பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும், தூசிக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு. மேலே பிரைமர் ஏறிய பிறகு தண்ணீர் போட்டு 600-ல் எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கலாம். டியூபில் வரும் ஒற்றைப் பட்டி ஊசித்துளைக்கும் நகக்கீறலுக்கும் மட்டும். அதால் பள்ளத்தை நிரப்பினால் காயக் காயச் சுருங்கும்.

பெயிண்டும் பின்பக்கமும்

பெயிண்டை வீட்டில் அடிப்பதா என்பதில் என் யோசனை, பிரைமரோடு நிறுத்திக்கொள்வது. இப்போது கடைகளில் அடிக்கும் ஹார்டனர் கலந்த பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது அதைச் சுவாசித்தால் தீராத ஆஸ்துமா வரக்கூடும். சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று வரும் கவசம் போட்டு அடிக்கும் இடத்தில் விட்டுவிடுவது நல்லது. திருத்தி, தேய்த்து, பிரைமர் போட்டு எடுத்துப்போன பேனலுக்குக் கூலியும் கணிசமாகக் குறையும், ஏனென்றால் கூலியில் பெரும்பகுதி தட்டுவதற்கும் தேய்ப்பதற்கும்தான். நிறம் சேரவில்லை என்ற புகார் மட்டும் எந்தக் கடையிலும் வரும். இருபது வருட வெயில் பார்த்த வெள்ளைக்கு டப்பாவில் வெள்ளை கிடையாது. அந்தக் காரையே காட்டிக் கலக்கச் சொல்ல வேண்டும்.

முன்பக்கம் முடிந்த சந்தோஷத்தில் பெரும்பாலோர் மறந்துபோவது பின்பக்கத்தை. நாம் சுரண்டிய தார், டோலி உரசிய இடம் எல்லாம் இப்போது வெற்று இரும்பு. கடலோர ஊர்களில் அது ஒரு வாரத்தில் சிவக்கும். எபாக்ஸி பிரைமரை அங்கேயும் ஒரு கை பூசி, காய்ந்ததும் மட்கார்டுக்குள் அடிப்பூச்சும் கதவுக்குள் மெழுகுப்பூச்சும் கொடுங்கள். கதவைத் திறந்தது திறந்ததாக, அதன் கீழ் விளிம்பில் இருக்கும் வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். பட்டித் தூளும் பழைய சேறும் சேர்ந்து அடைத்திருக்கும். அதை எடுத்துவிட்டு, கண்ணாடியின் மேலிருந்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, அது கீழே ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகு கதவுப் பேடை மாட்டலாம்.